நாற்பத்து மூன்று கல்லறைகளும் ஒரு பலூனும்

1

அன்று சாயங்காலம் கல்லறை மேட்டில் இருந்தவர்கள்:

நான்.

என் மனைவி மேரி.

மேரியின் அக்கா லூர்து.

மேரியின் தம்பி பீட்டர். லாரி ஓட்டுகிறான்.

பீட்டரின் கறுப்பு நாய். கூப்பிடாமலே லாரியில் ஏறிக்கொள்ளும்.

மகள் ஜெசிந்தா வரவில்லை. காம்பாரில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். பரீட்சை இருக்கிறது என்றாள்.

கல்லறைத் திருநாள் அது. ஊரில் நீங்கள் எப்படிச் செய்வீர்களோ அப்படித்தான் இங்கேயும். புல் செதுக்கி, வெள்ளை அடித்து, பூ வைத்து, பொழுது சாயும்போது மெழுகுவர்த்தி. ஒரு வித்தியாசம்தான். இங்கே கல்லறைக்குப் போக காவல்காரனிடம் சொல்லிவிட்டு உள்ளே வரவேண்டும். அந்தக் காவல்காரன் நான். ஜாகா என்பார்கள் இங்கே.

ஈப்போவுக்கு வெளியே ஒரு கித்தாத் தோட்டம் இருந்தது. கித்தா என்றால் ரப்பர். மேரியின் அப்பாவும் அம்மாவும் அங்கே பால் வெட்டியவர்கள். மரம் போயிற்று. தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகள் போயின. கோயிலும் போயிற்று. மேட்டில் கல்லறை மட்டும் நின்றது. இப்போது ஒரு கம்பெனி அந்த நிலத்தில் வரிசை வரிசையாக மாடி வீடு கட்டுகிறது.

மேட்டில் நாற்பத்து மூன்று கல்லறை. பாதிக்கு மேல் பெயர் கிடையாது. மரச்சிலுவை நட்டிருந்தார்கள், மக்கிவிட்டது. பெயர் இல்லாததற்கும் ஒரு மெழுகுவர்த்தி வைப்பது தோட்டத்தார் வழக்கம். "யாரோ பெத்த புள்ளதானே" என்பார் லூர்து அக்கா. அவர்தான் ஒவ்வொரு வருடமும் எண்ணி வாங்கிவருவார்.

வீடு வாங்க வருகிறவர்களுக்கு இந்த மேடு பிடிக்கவில்லை. சன்னலைத் திறந்தால் கல்லறையா என்று முகம் சுளிக்கிறார்கள். மேட்டுக்குப் போகும் வழியைப் பூட்டிவிடலாம் என்று கம்பெனியில் பேச்சு இருந்தது. மேனேஜர் மிஸ் லிம்தான் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டுவந்தார். ஒரு தப்பு நடந்தால் போதும், பூட்டு விழும். இது எனக்குத் தெரியும். மேரிக்கும் தெரியும். அவளுடைய அப்பா அம்மா இரண்டு பேரும் அங்கேதான் இருக்கிறார்கள்.

இனி பலூன்.

வீடு விற்பனைக்குப் பெரிய பலூன் பறக்கவிடுவது இங்கே சாதாரணம். வெள்ளைப் பலூன். ஒரு கார் உள்ளே நிற்கலாம், அவ்வளவு பெரிது. மேடுதான் உயரம் என்பதால் கல்லறைக்குப் பக்கத்தில் அதைக் கட்டச் சொன்னார்கள். கட்டுவதற்கு ஒரு சிமெண்ட் கட்டை வேண்டும். ஊரில் நான் கொத்தனாருக்குக் கையாளாக இருந்தவன். நானே போட்டேன். கிடைத்த பலகை நீளமாக இருந்தது, கட்டையும் நீளமாக வந்தது. நடுவில் இரும்பு வளையம். லாரிக்காரர்கள் இடித்துவிடக் கூடாது என்று வெள்ளை அடித்தேன். கல்லறைகளுக்குக் கலக்கிய சுண்ணாம்பில் மீந்தது.

பலூன் வந்து நான்கைந்து நாள்தான் ஆகியிருந்தது. அதில் கட்டவேண்டிய விளம்பரத் துணி அச்சாகி வரவில்லை. அதனால் உயரே விடாமல், மேட்டைச் சுற்றி நட்ட இளம் பனைகளுக்கு மேலே தெரியாத அளவில் கட்டியிருந்தோம். இருட்டில் யாரும் முட்டாமல் இருக்க அடியில் ஒரு சின்ன விளக்கு தொங்கவிட்டேன்.

மழை வரும்போல் இருந்தால் பலூனை இறக்கிக் கட்டுவது என் வேலை. அன்று மழை இல்லை. செபமாலை சொல்லி முடித்தோம். கீழே கேட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. திறந்துவிட்டு வந்தேன். மேலே பார்த்தேன். பலூன் இருந்த இடத்தில் வானம் இருந்தது.

நாய் மேலே பார்த்துக் குரைத்தது. மற்றவர்கள் கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தார்கள்.

2

ஓடிப்போய்க் கட்டையைப் பார்த்தேன். வளையத்துக்கு ஒட்டி ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. கயிறு நைலான். நுனி உருகிக் கறுத்து, குன்றிமணி அளவுக்கு உருண்டு நின்றது.

நடந்தது விளங்கிவிட்டது. யாரோ இதையும் பெயர் இல்லாத கல்லறை என்று நினைத்து ஒன்று வைத்துவிட்டார்கள். அக்காவா மேரியா தெரியவில்லை. கேட்கவில்லை. ஊதி அணைத்து, மெழுகைச் சுரண்டி, மெழுகுவர்த்தியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர்களைக் கீழே அனுப்பிவிட்டு மிஸ் லிம்முக்குப் போன் செய்தேன்.

"பலூன் போயிட்டுது."

"போயிட்டுதுன்னா?"

"மேல."

"எப்படி அங்கிள்?"

"கயிறு விட்டுப்போச்சு."

இரண்டு பேரும் மலாயில்தான் பேசிக்கொள்வோம். நான் தமிழில் எழுதுகிறேன். காலையில் வந்து பார்க்கிறேன் என்றார்.

காலையில் அவர் வரவில்லை. அதற்குள் பலூன் எங்களுடையதாக இல்லாமல் போயிருந்தது.

பொழுது சாய்ந்த பிறகும் உயரத்தில் வெயில் இருக்கும் அல்லவா? கீழே இருட்டிக்கொண்டு வர, சுண்ணாம்பு மலைகளுக்கு மேலே அது மட்டும் தீக்கங்குபோல மின்னிக்கொண்டு போயிருக்கிறது. ஈப்போவில் பாதிப்பேர் படம் எடுத்துவிட்டார்கள். வெளிநாட்டு உளவு பலூன் என்று ஒருவர் போட, எல்லாரும் அதைப் போட்டார்கள். வேறு நாட்டில் முன்பு அப்படி ஒன்று பறந்த செய்தி எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. வானிலை பார்க்கும் ஆட்கள் எங்களுடையது இல்லை என்று சொன்னதாகப் போனில் ஓடியது. அது உண்மைதான், அவர்களுடையது இல்லை.

மிஸ் லிம் போன் செய்தார். குரலைத் தாழ்த்தி, "அங்கிள், யார்கிட்டயும் பேச வேணாம்" என்றார்.

வாயே திறக்காத என்னிடம் போய் அதைச் சொன்னார்.

3

ஜெலாப்பாங்கில் எங்கள் வீட்டுக்குக் கீழே காதர் அண்ணே கடை. ராமநாதபுரத்துக்காரர். ரொட்டியும் டீயும். வேலைக்குப் போகுமுன் அங்கே பசியாறுவேன். காலைச் சாப்பாட்டுக்கு இங்கே பசியாறுவது என்று சொல்வார்கள். வந்த புதிதில் அது எனக்கு ரொம்பப் பிடித்த சொல்.

அன்று யாரும் பசியாறவில்லை. எல்லாரும் ஆ செங்கின் போனைச் சுற்றி நின்றார்கள். ஆ செங் பக்கத்துக் கடை, ஆணி, கம்பி, பல்பு விற்கிற சீனர். தோட்டத்தில் வளர்ந்தவர், நம்மைப்போலத் தமிழ் பேசுவார். வாடகைக் கார் ஓட்டும் முருகனும் இருந்தான்.

"இது சைனாக்காரன் வேலதான்லா" என்றார் காதர் அண்ணே, டீயை உயரே இழுத்து ஆற்றிக்கொண்டே.

"எது பறந்தாலும் சைனாவா?" ஆ செங்குக்குக் கோபம். "ஒன் நாக்காலி சைனா, ஒன் பேன் சைனா, ஒன் கையில இருக்கிற போனும் சைனா. அதுங்க வேவு பாக்கலயா? மொதல்ல அத புடிச்சிக் குடு."

"நான் ஒன்ன சொல்லலலா. நீ ஜெலாப்பாங் சைனா."

"சிங்கப்பூரா இருக்கும் மச்சான்" என்றான் முருகன். "அவனுக்கு எப்பவும் நம்ம தண்ணி மேல கண்ணு."

"தண்ணி பாக்க ஈப்போவுக்கு ஏன் வாரான்? இங்க என்னா இருக்கு வேவு பாக்க? வெள்ளக் காப்பியும் தவ்கே கோழியும்தான்" என்றார் காதர் அண்ணே. தவ்கே என்றால் முளைப்பயறு.

"அதத்தான் பாக்குறான். இங்க மாதிரி தவ்கே அவன் ஊர்ல மொளைக்காது."

சிரித்தார்கள். சிரித்தாலும் முருகனின் கண் அடிக்கடி வானத்துக்குப் போய்வந்தது. அவன் வீட்டில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று பிறகு தெரிந்தது. மேலே இருந்து ஏதாவது மருந்து தெளித்தால் என்ன செய்வது என்று அவன் மனைவி பயந்துவிட்டாளாம்.

ஆ செங் படத்தை விரலால் பெரிதாக்கினார். "இங்க பாரு. அடியில தொங்குது. கண்ணாடி. இது லென்சு. இது சாதாரண கேமரா இல்ல. மிலிட்டரி சாமான். இங்க கிடைக்காது."

அந்த விளக்கை எனக்கு விற்றவரே அவர்தான்.

"அண்ணே, நீங்க அந்தப் பக்கம்தானே ஜாகா" என்று முருகன் என்னைப் பார்த்தான். "நீங்க ஒன்னும் பாக்கலயா?"

"பாத்தேன்."

எல்லாரும் திரும்பினார்கள்.

"எப்படி இருந்துச்சி?"

"வெள்ளையா."

"அப்புறம்?"

"உருண்டையா."

காதர் அண்ணே டீயை என் முன்னால் வைத்தார். "இவரப் போயி கேட்டியே. கல்யாணத்துக்குச் சம்மதமான்னு கேட்டப்பவும் தலையதான் ஆட்டுனாராம்."

அது உண்மை.

4

அந்தக் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். நம் ஊர்க் கோயில் பத்திரிகையான பங்கு மலருக்கு வெளிநாட்டு வாழ்க்கை பற்றி எழுதச் சொல்லி ஃபாதர் மூன்று முறை கேட்டுவிட்டார். கல்லறைத் திருநாள் மறுபடி வருகிறது. ஒரு வருடம் ஆகப்போகிறது. இப்போது விட்டால் எழுத மாட்டேன்.

மேரியின் தாத்தா திண்டுக்கல் பக்கத்திலிருந்து போனவர். சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று அவர்கள் வேளாங்கண்ணிக்கு வந்தபோது பெண் பார்த்தார்கள். பார்த்தார்கள் என்றால், அவர்கள் என்னைப் பார்த்தார்கள். மாப்பிள்ளைதான் கடல் தாண்டிப் போகவேண்டும் என்றார்கள். நான் ஆறாவது வரை படித்தவன். சித்தாள் சம்பளம். தலையை ஆட்டினேன்.

அம்மா மட்டும் கேட்டது. "ஏன்டா, பொட்டப்புள்ளையத்தான் கட்டிக்குடுத்து அனுப்புவாக. ஒன்னைய அனுப்புறமே."

இங்கே வந்து முதலில் வருடத்துக்கு ஒரு விசா முத்திரை. வருடாவருடம் வரிசை. மேரியும் கூட வரவேண்டும், நான் இவளுடைய கணவன்தான் என்று அவள் வாயால் சொல்லவேண்டும். "இன்னமும் இவர்தான் வீட்டுக்காரரா?" என்று ஒருமுறை கவுண்டரில் இருந்த அதிகாரி அம்மா சிரித்துக்கொண்டே கேட்டார். மேரி யோசிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, "இந்த வருசம் வரைக்கும்" என்றாள். பிறகு பல வருடம் கழித்து சிவப்பு அட்டை கிடைத்தது. குடியுரிமை இல்லை, தங்கிக்கொள்ளலாம். அது போதும்.

அம்மா இறந்தபோது என் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தது. தம்பி ஜேக்கப் விடியற்காலையில் கூப்பிட்டான். அன்றே பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள். ஆனால் புத்தகம் வரவில்லை. வந்தபோது அங்கே மூன்றாம் நாள் பூசை முடிந்திருந்தது. அடக்கத்தைப் போனில் பார்த்தேன். ஜேக்கப் பிடித்த போனில் பாதி நேரம் தரைதான் தெரிந்தது. யாருடைய செருப்போ தெரிந்தது.

அப்புறம் ஏன் போகவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அடக்கம் முடிந்தபின் போய் யாரைப் பார்ப்பது என்று இருந்துவிட்டேன். சொல்ல அதற்குமேல் இல்லை.

அந்த வருடம் கல்லறைத் திருநாளில் மேரி கடைசி வரிசையில், பெயர் இல்லாத ஒரு கல்லறையில், இரண்டு மெழுகுவர்த்தி வைத்தாள். ஒன்று அங்கே இருப்பவருக்கு. இன்னொன்று அத்தைக்கு என்றாள். என் அம்மாவை அவள் நேரில் பார்த்தது இரண்டே முறை. அதற்குப் பிறகு வருடாவருடம் அங்கே இரண்டு எரியும்.

பலூன் பறந்த மறுநாள் ஜேக்கப் கூப்பிட்டான்.

"அண்ணே, அங்க போர் வரப்போகுதாம்ல?"

"யார் சொன்னா?"

"டிவியில ஓடுச்சு. மலேசியா வானத்துல மர்மப் பொருளாம். தமிழர்கள் பீதியாம். நீ பீதியா இருக்கியா?"

"ரொட்டி சாப்புட்டுட்டு இருக்கேன்."

"வெளையாடாதண்ணே. அண்ணியையும் பாப்பாவையும் கூட்டிக்கிட்டுப் பேசாம வந்துரு. மேல் வீடு சும்மாத்தான் கெடக்கு. கக்கூஸ்கூடப் புதுசா கட்டியிருக்கேன்."

அவன் உண்மையாகவே கூப்பிட்டான். நான் ஏற்றிக் கட்டிய பலூனுக்குப் பயந்து என்னைக் காப்பாற்ற நினைத்தான். அவனிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும், ஊருக்குத் தெரிந்தால் போன்வழி ஈப்போவுக்கும் வரும்.

"பாத்துக்கலாம்" என்றேன்.

5

அன்று மாலை ஜெசிந்தாவும் கூப்பிட்டாள். வாரத்துக்கு ஒருமுறை கூப்பிடுவதே அபூர்வம்.

"பா, வெளிய போகாதீங்க. மா கிட்டயும் சொல்லுங்க."

"வேலைக்குப் போகணும்மா."

"பா, நீங்க சீரியசா எடுக்க மாட்டேங்கிறீங்க. நான் போட்டது பாத்தீங்களா? எவ்வளவு பேர் ஷேர் பண்ணியிருக்காங்க தெரியுமா?"

பார்க்கவில்லை. அவள் எழுதுவது மலாயும் இங்கிலீசும். மேரி படித்துச் சொன்னாள். அடியில் தொங்குவது கேமராவேதான், அது எந்த வகை என்றுகூட எழுதியிருந்தாளாம். என் மகள் அதில்தான் படிக்கிறாள், மின்சாரம், கருவி, அப்படி ஏதோ.

ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்தவள்தான். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். இதைப் படிக்க மாட்டாள், நீளம். சின்னதில் நான் பொழுது சாய வருகிறேன் என்று சொன்னால், "பொழுது எங்கப்பா சாயும்?" என்று கேட்பாள். கேட்பது நின்றுபோய் நாளாகிவிட்டது. விளங்காவிட்டால் இப்போது ஓகே என்கிறாள்.

ஆனாலும் அன்று மூன்று முறை கூப்பிட்டாள். சாப்பிட்டீர்களா, கதவு சாத்தினீர்களா, பலூன் தெரிகிறதா. ஒருநாள் பறந்தாலும் அந்தப் பலூன் நல்லது செய்தது.

மேரி மட்டும் பலூனைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அவளுக்கும் தெரிந்திருந்தது. மேட்டில் பலூன் இருந்ததும் இப்போது இல்லாததும் பார்த்தவள்தானே. ஆனால் வீட்டில் நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. துணி மடிக்கும்போது ஒருமுறை மட்டும், "மேட்டுக்குப் போற வழிய பூட்டிருவாங்களா?" என்று கேட்டாள்.

"தெரியல" என்றேன்.

மடித்த சட்டையை மறுபடி உதறி மடித்தாள்.

6

பலூன் வடக்கே பாகான் செராய் பக்கம் வயலில் விழுந்தது. காற்று இறங்கி, சுருங்கி, நெல் மேல் படுத்துக் கிடந்தது. குச்சியால் தொட்டுப் பார்த்தவர்கள் ஒரு ஓரத்தில் கம்பெனி முத்திரையைக் கண்டுபிடித்துப் படம் போட்டுவிட்டார்கள். நாடே சிரித்தது. காதர் அண்ணே கடையில் ஆ செங்கின் காலை எல்லாரும் வாரினார்கள். "மிலிட்டரி சாமான், இங்க கிடைக்காது" என்று முருகன் பல்பு வாங்கப் போகும்போதெல்லாம் சொல்லிக் காட்டினான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இனி மிஸ் லிம் வருவார்.

வந்தார். மத்தியானம். ரப்பர் காலணி போட்டுக்கொண்டு நேராக மேட்டுக்கு ஏறினார். நானும் பின்னால் போனேன். மேரி எனக்குச் சோறு கொண்டுவந்திருந்தாள். அவளும் ஏறினாள். நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினேன், நிற்கவில்லை.

மிஸ் லிம் கட்டையின் மேல் ஒரு காலை வைத்து, குனிந்து, வளையத்தில் மீந்திருந்த கயிற்றைப் பிடித்துப் பார்த்தார்.

"அங்கிள், கயிறு விட்டுப்போச்சுன்னீங்க. இது எரிஞ்சிருக்கு."

நான் கயிற்று நுனியைப் பார்த்தேன்.

"யாராவது சிகரெட்டா?"

"இல்ல."

"ஹெட் ஆபீசுல கேக்குறாங்க. நான் ஏதாவது எழுதணும். அங்க ஏற்கனவே இந்த மேட்டப் பூட்டச் சொல்லிக்கிட்டு இருக்காங்க. சொல்லுங்க அங்கிள்."

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். காவல் வேலை வேறு கிடைக்கும். வழி பூட்டினால் கிடைக்காது.

மேரி முந்திக்கொண்டாள். "நான்தான். மெழுகுவர்த்தி வச்சேன்."

"இதுக்கு மேலயா? ஏன் ஆன்ட்டி?"

"மாமியாருக்கு."

"மாமியார் இங்கயா இருக்காங்க?"

"இல்ல. இந்தியாவுல. அங்கயே பொதச்சாச்சு. இவரால போக முடியல." மேரியின் மலாய் என் மலாயைவிட நல்லது. பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள். "நீங்கதானே கட்டுனீங்க. சிமெண்டு போட்டீங்க. வெள்ள அடிச்சீங்க. தலமாட்டுல சிலுவ போட்டிருந்துச்சி. அத்தைக்குத்தான் செய்யுறீங்கன்னு நெனச்சேன். சொல்லல. நீங்க எதத்தான் சொன்னீங்க? அதான் நானும் கேக்கல. கம்பெனிக்காரன் வந்து அத்தை கல்லுல கயிறக் கட்டிட்டானேன்னு எனக்குக் கோவம்கூட வந்துச்சி. அன்னைக்கு ரெண்டாவது மெழுகுவர்த்திய இங்க கொண்டாந்து வச்சேன். காத்துப் படாம வளையத்து ஓரமா."

குனிந்து பார்த்தேன். ஓரத்தில் ஒரு சின்னச் சிலுவைக் குறி. ஊரில் எங்கள் கொத்தனார் எந்த வேலை முடித்தாலும் ஈரச் சிமெண்டில் ஆணியால் ஒரு சிலுவை கீறுவார். மாட்டுத் தொட்டி என்றாலும் கீறுவார். என் கையும் அதற்குப் பழகிவிட்டது. கீறியது எனக்கு ஞாபகமே இல்லை.

பலூன் கட்டத்தான் போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மேரியின் முகத்தைப் பார்த்தேன். சொல்லவில்லை.

"என்ன சொல்றாங்க?" என்றார் மிஸ் லிம்.

"என் அம்மா கல்லுன்னு நெனச்சு வச்சிட்டா."

மிஸ் லிம் கட்டையிலிருந்து காலை எடுத்தார். கால் பட்ட இடத்தில் மண் இருந்தது. குனிந்து கையாலேயே துடைத்தார்.

"எங்க கொள்ளுத் தாத்தா சைனாவுல எங்க இருக்காருன்னு யாருக்கும் தெரியாது" என்றார். "சிங் மிங்குக்கு, அதான் எங்க கல்லறத் திருநாளுக்கு, எங்கப்பா வீட்டு வாசல்ல நின்னு ஏதோ ஒரு தெசையப் பாத்துக் கும்பிடுவாரு. வருசத்துக்கு ஒரு தெச. சரியான தெச எதுன்னு அவருக்கே தெரியாது."

எழுதப்போவது என்ன என்று சொல்லவில்லை. இறங்கிப் போய்விட்டார்.

மேரி சோற்றை எடுத்து வைத்தாள். கருவாட்டுக் குழம்பு. இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டோம்.

7

அந்த வாரம் பூட்டு வரும் என்று தினமும் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். லூர்து அக்கா அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டார். பீட்டர், "பூட்டுனா லாரிய விட்டு ஒடச்சிருவேன் மச்சான்" என்றான். உடைக்க மாட்டான். லாரி தவணையில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து ஜெசிந்தா வந்தாள். மேரி எல்லாம் சொல்லியிருந்தாள்.

"பா! அது பல்பா? நான் லென்சுன்னு போட்டேன். காம்பஸ்ல எல்லாரும் என்ன வச்சிச் செய்யுறாங்க."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"நீங்க? சொல்லியிருப்பீங்க?"

அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். மேட்டுக்கு வருகிறேன் என்று அவளே சொன்னாள். கட்டைக்கு முன்னால் நின்றாள். "பாட்டி பேரு என்னா பா?" என்றாள்.

இத்தனை வருடம் அவளுக்கு அது பாட்டி மட்டும்தான். நான் சொல்லித்தந்ததில்லை.

"அந்தோனியம்மாள்."

போனில் எழுதிக்கொண்டாள். மலாய் எழுத்தில்தான். ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். சரியாகத்தான் சொன்னாள்.

அப்போது கீழே மிஸ் லிம்மின் கார் வந்து நின்றது. லீவு நாளில் அவர் வருவதில்லை. கையில் நீளமாகச் சுருட்டிய காகிதம். நான் மேரியைப் பார்த்தேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள், சண்டைக்குப் போகிறவள்போல.

மேலே வந்தவர் காகிதத்தை ஒரு கல்லறைமேல் விரிக்கப் போனார். பிறகு யோசித்து, ஜெசிந்தாவை ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னார். அது நிலத்தின் வரைபடம்.

மெழுகுவர்த்தி என்றே எழுதிவிட்டாராம். பலூனைக் கல்லறைக்குப் பக்கத்தில் கட்டச் சொன்னது கம்பெனியின் தப்பு என்றும் எழுதினாராம். மேட்டைப் பூட்டினால் மறுபடி ஊரெல்லாம் பேசும், ஒருமுறை சிரித்தது போதும் என்று மேலே இருப்பவர்களிடம் சொல்லியிருக்கிறார். இனி பலூன் முன்வாசலில். கல்லறையைச் சுற்றி வேலி. ஒரு சின்னக் கேட். அதன் சாவி ஜாகாவிடம்.

லூர்து அக்கா அப்போது அங்கே இருந்திருந்தால் அழுதிருப்பார். மேரி மூக்கை மட்டும் உறிஞ்சினாள்.

"ஒன்னு மட்டும் பாத்துக்கங்க அங்கிள்" என்றார் மிஸ் லிம். "வேலிக்கு உள்ள வர்றதுதான் கல்லற. வெளிய இருக்கிறத நாளைக்கு இடிச்சு ரோடு போடுவாங்க. எண்ணிக்கைய பிளான்ல எழுதணும். எத்தன இருக்கு?"

ஜெசிந்தா போனைப் பையில் வைத்துவிட்டு வரிசை வரிசையாக நடந்து எண்ணினாள். வாய்விட்டு, தமிழில் எண்ணினாள். முப்பதுக்கு மேல் கொஞ்சம் தடுமாறினாள். திரும்பி வந்து, "நாப்பத்தி மூணு, பா" என்றாள்.

மிஸ் லிம் பென்சிலைக் காகிதத்தில் வைக்கவில்லை. கடைசி வரிசையைத் தாண்டி இருந்த வெள்ளைக் கட்டையைப் பார்த்தார். மேரி அதற்குப் பக்கத்தில் நின்றாள். வளையத்து ஓரத்தில் நான் சுரண்டாமல் விட்ட மெழுகு கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"நீங்கதான் ஜாகா. நீங்க சொல்லுங்க அங்கிள். எத்தன?"

சொன்னேன்.

நாற்பத்து நான்கு.